அந்தரிக்க விட்ட வழக்கு

சென்ற மாதம் ரிஸ்னாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நான் ஓய்வுபெற்ற நீதிமன்றத்தில் இப்போது மொழிபெயர்ப்பாளராக இருக்கிற பிள்ளை அவள். கெட்டிக்காரி. ஆனால் கையில் போன் இருக்கிறது.

"சேர், ஒரு சின்னக் கேள்வி. ஸ்ட்ராண்டட் எண்டு ஒரு சொல்லு வந்திரிக்கி. போன்ல போட்டா 'சிக்கித் தவிக்கும்' எண்டு தருது. அப்பிடியே போட்டு விடட்டா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. உடனே எடுத்துக் கேட்டேன். "எதில புள்ள சிக்கிச்சு? வலையிலயா, முள்ளுலயா? தவிச்சத நீ கண்டியா?"

பத்திரிகைகளும் இப்படித்தான் கெடுத்து வைத்திருக்கின்றன. விமானம் பிந்தினால் சிக்கித் தவிப்பு. லிப்ட் நின்றால் சிக்கித் தவிப்பு. வெள்ளம் வந்தாலும் அதே, கிணற்றுக்குள் மாடு விழுந்தாலும் அதே. கடையில் ஒரே அளவில் சட்டை தைத்து வைத்து ஊரில் எல்லாருக்கும் மாட்டிவிடுகிற வேலை இது. நான் கத்தி முடியும்வரை ரிஸ்னா பொறுமையாக இருந்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, "அப்ப நீங்களே எழுதித் தாங்க சேர், நாங்க எல்லாரும் படிக்கிறம்" என்றாள். வீட்டில் சும்மா இருக்கிற கிழவனுக்கு இது போதாதா? எழுதத் தொடங்கிவிட்டேன்.

நான் மன்னார்ப் பக்கத்து ஆள். தொண்ணூறில், யுத்தத்துக்குள், இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு எழும்பச் சொன்னபோது, வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய கூட்டத்தில் நானும் உம்மாவும் இருந்தோம். ஆங்கிலம் நான் பள்ளியில் படித்தது. சிங்களம் புத்தளம் சந்தையில் மரக்கறி விற்றுப் படித்தது. இரண்டையும் கூட்டி வைத்து ஒரு பரீட்சை எழுதினேன், நீதிமன்றத்தில் உத்தியோகம் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் கோட்டு மொழிபெயர்ப்பாளரை 'முதலியார்' என்று கூப்பிடுவார்கள். பழைய காலத்துப் பட்டம் அது. பட்டம் மட்டும்தான் வரும், காணி பூமி ஒன்றும் கூட வராது.

பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. எங்களுக்குத் தலைமை லூயிஸ் முதலியார். சிலாபத்துக் கத்தோலிக்கர். அவருடைய வீட்டு மொழி தமிழா சிங்களமா என்று அவருக்கே சரியாகத் தெரியாது. செபம் தமிழில் வரும், ஏச்சு சிங்களத்தில் வரும். முதல் நாள் என்னைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஒரு மாசம் வாய மூடிக்கொண்டு பாரும். அதுக்குப் பிறகு துறக்கலாம்." அந்த ஒரு மாதத்தோடு என் பயிற்சி முடிந்தது.

அவர் நிற்கிற விதத்தைச் சொல்லவேண்டும். சாட்சிக்கு முன்னால் நிற்கமாட்டார், பக்கத்தில் நிற்பார். கை இரண்டும் பின்னால். கண் நிலத்தில். சாட்சி சத்தம் போட்டால் இவர் குரல் ஏறாது. சாட்சி அழுதால் இவர் குரல் இறங்காது. ஒருநாள் ஒரு பெண் சாட்சிக் கூண்டில் நின்று தேம்பினாள். நான் அக்கறையாக, "சாட்சி அழுகிறார், ஸ்வாமீனி" என்று நீதவானுக்குச் சொன்னேன். ஸ்வாமீனி என்பது எங்கள் கோட்டில் நீதவானைக் கூப்பிடுகிற சிங்கள மரியாதைச் சொல். இடைவேளையில் லூயிஸ் முதலியார் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "நீதவானுக்குக் கண் இரிக்கி தானே? அவ அழுறது உமக்கு மட்டுமா தெரியுது? வாயால வாறத மட்டும் நீர் எடும். மிச்சத்த அவர் எடுத்துக்கொள்ளுவார்."

இன்னொரு ஒழுங்கு, சாட்சி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக்கூடாது. இது கேட்க லேசு. ஒரு ஆடு களவு வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், குற்றத்தை ஒப்புக்கொண்டான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் ஆட்டை அவிழ்த்தேன், நான்தான் விற்றேன்" என்று சிங்களத்தில் கணீரென்று சொன்னேன். அந்த நேரம் பார்த்து, என் மனைவியின் மாமா, கனமூலைக்காரர், வேறு அலுவலாக வந்து வாசலில் எட்டிப் பார்த்திருக்கிறார். கேட்டது என் குரல் மட்டும். பின்னேரம் நான் வீட்டுக்குப் போனால் மனைவி படலைக் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். "ஆடு எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அவளுக்கு விளங்கப்படுத்தி முடிய இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது.

லூயிஸ் முதலியார் சொல்லித் தந்த மூன்றாவது ஒழுங்கு ஒன்று உண்டு. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். "உமக்கு ஒண்டும் சேக்க ஏலாது, ஒண்டும் குறைக்க ஏலாது. ஆனா சொல்லு முழுசாப் போயும் விசயம் போய்ச் சேரல்ல எண்டு கண்டா, எழும்பி நிண்டு அத மட்டும் சொல்லலாம். விசயம் என்னண்டு சொல்லப்படாது. சேரல்ல எண்டு மட்டும் சொல்லலாம்." நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேனே தவிர, பாவிக்க வேண்டி வருமென்று நினைக்கவில்லை.

மத்தியானங்களில் கன்டீனில் பணிசும் பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். அட்டை கழன்ற ஓர் ஆங்கில அகராதி வைத்திருந்தார். ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் பாட்டன் பூட்டன் வரை போய்த்தான் விடுவார். அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் என்று ஒருநாள் எடுத்துக் கொட்டினார். ட்ராப்ட் என்றால் பொறிக்குள் போனவன். பொறி வைத்த ஒருவன் இருக்கவேண்டும். கோர்னர்ட் என்றால் மூலையில் மடக்கப்பட்டவன்; துரத்தி வந்தவன் இருக்கவேண்டும். மரூண்ட் என்பது எசமானிடமிருந்து காட்டுக்குத் தப்பி ஓடிய அடிமைகளுக்கு ஸ்பானியர் வைத்த பேரிலிருந்து வந்ததாம்; பிறகு ஆளில்லாத தீவில் வேண்டுமென்றே இறக்கிவிடப்பட்டவனுக்கு ஆகிவிட்டது.

"ஸ்ட்ராண்டட்?" என்று நான் கேட்டேன்.

"ஸ்ட்ராண்ட் எண்டா கரை, தம்பி. பழைய இங்கிலீஸ்ல கடற்கரை. முதல்ல கப்பலுக்கு மட்டுந்தான் அந்தச் சொல்லு. காத்து அடிச்சுக் கரையில ஏத்திவிட்ட கப்பல். அதுக்குப் பிறகுதான் மனிசருக்கு வந்திச்சு. பஸ் தவறவிட்டவனுக்கும் இப்ப அதே சொல்லு."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நாங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கரை சேர்த்தாயிற்று என்கிறோம். கடன் தீர்ந்தாலும் கரையேறினோம் என்கிறோம். தப்பிப் பிழைக்கிற இடம் கரை. அவர்களோ அந்தக் கரையை எடுத்து மாட்டிக்கொள்கிற இடத்துக்குப் பேராக வைத்திருக்கிறார்கள். நான் இதைச் சொன்னதும் லூயிஸ் முதலியார் பணிசைக் கீழே வைத்துவிட்டு, "கப்பல்ட பக்கத்தில நிண்டு பாரும்" என்றார். கப்பலுக்குக் கரை என்றால் முடிவுதான். போகவும் முடியாது, மிதக்கவும் முடியாது.

அதற்குத் தமிழில் என்ன போடலாமென்று நாங்கள் அன்றைக்கே அடிபட்டோம். அவர் 'கைவிடப்பட்டவர்' என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த சொல் 'அந்தரித்தல்'. அந்தரம் என்றால் மேலுமில்லாமல் கீழுமில்லாமல் நடுவில். கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கின அன்று உம்மா மணலில் உட்கார்ந்துகொண்டு, "அல்லாவே, இப்பிடி அந்தரிக்க விட்டுட்டாங்களே" என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. பின்னால் கடல், முன்னால் தெரியாத ஊர். எங்களை எதுவும் சிக்கவைக்கவில்லை. எந்தப் பக்கமும் நடக்கலாம். போக இடம்தான் இல்லை. அந்த ஊர்ச் சனம் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தோம். இதைக் கேட்டதும் லூயிஸ் முதலியார் பென்சிலைத் தேடி எடுத்தார். அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'அந்தரித்தல்' என்று எழுதிக்கொண்டார்.

இனி வழக்குக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து எங்கள் களப்புப் பக்கம், கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரிப் பக்கம், வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்த காலம் அது. மாம்புரியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் கரையோரம் முழுக்க ஹோட்டல் முளைத்தது. மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் போட்டில் கதிரை போட்டு ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். அப்படி ஒருவன் சித்தீக். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று பிள்ளைகள். ஆங்கிலத்தில் அவனுக்குத் தெரிந்தது 'ஹலோ', 'நோ ப்ரொப்ளம்', 'டென் மினிட்ஸ்'. அதை வைத்துக்கொண்டே தொழில் நடத்தினான்.

ரூத் என்றொரு ஆங்கிலேய அம்மா, எங்கள் பேச்சில் நோனா, அவரும் அவருடைய கணவரும் சித்தீக்கின் போட்டில் களப்பைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். களப்பின் நடுவில் ஒரு மணல்திட்டில் போட் ஏறி இருந்துவிட்டது. சித்தீக் அவர்கள் இருவரையும் திட்டில் இறக்கினான். போட்டைத் தள்ளி மிதக்கவிட்டு ஏறினான். போனவன் போனவன்தான். வெயில் ஏற ஏறத் திட்டில் இரண்டு பேரும் தனியே நின்றார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. நனைந்துவிடுமென்று போனை ஹோட்டலில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பின்னேரம் காற்றுக்குத் தண்ணீர் ஏறி, திட்டு காலடிக்குச் சுருங்கியது. கணவர் மயங்கி விழுந்துவிட்டார். நண்டு வலை எடுக்கப் போன ஒருவர் தற்செயலாகக் கண்டு இருவரையும் கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கணவர் பிழைத்தது பெரிய காரியம்.

சித்தீக் இருட்டி வெகுநேரத்துக்குப் பிறகு தானாகவே பொலிசுக்கு வந்தான். வந்த கோலம்தான் மோசம். மேலுக்குச் சட்டையில்லை, நடை தள்ளாடுகிறது. குடித்துவிட்டு ஆட்களை விட்டுவிட்டு ஓடியவன் என்று பொலிஸ் முடிவுகட்டிவிட்டது. போட்டைப் பிடித்துப் பொலிஸ் வளவில் போட்டார்கள். வழக்கில் தோற்றால் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போகலாம், ஆட்கள் ஏற்றுகிற அனுமதியும் போகும்.

வெளிநாட்டுச் சாட்சி என்றால் வழக்கை இழுக்கமாட்டார்கள். ஆள் நாட்டைவிட்டுப் போகுமுன் எடுத்துவிடுவார்கள். அதனால் எல்லாம் ஒரே நாளில் வந்தது. சித்தீக்கின் சட்டத்தரணி காலையிலேயே அவனுக்குச் சொல்லிவிட்டார்: குற்றத்தை ஒப்புக்கொள், தண்டத்தோடு விடுவார்கள், மத்தியானத்துக்குள் போட்டை எடுத்துக்கொண்டு போகலாம். சித்தீக்கும் தலையாட்டியிருந்தான். வராந்தாவில் அவன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வழக்குக் கூப்பிட்டார்கள். குற்றப்பத்திரம் சிங்களத்தில் இருந்தது. ஆனால் நோனா முறைப்பாட்டில் சொன்ன ஸ்ட்ராண்டட் என்ற சொல்லைப் பொலிஸ் அப்படியே விட்டிருந்தது. அதற்குச் சிங்களம் யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. நான் சித்தீக்கின் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்ததும் வாயில் வந்தது ஒரே சொல்தான். "இவர்கள் இருவரையும் திட்டில் அந்தரிக்க விட்டுவிட்டுப் போனீர் என்று சொல்லப்படுகிறது. குற்றவாளியா, சுற்றவாளியா?" சுற்றவாளி என்றால் குற்றமில்லாதவன் என்று எங்கள் கோட்டுத் தமிழ்.

சித்தீக் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகம் கறுத்துப்போயிற்று.

"என்னண்டு சொன்னீங்க, முதலியார்?"

திரும்பச் சொன்னேன்.

"அந்தரிக்க விட்டேனா? நானா? வல்லாஹி, அல்லா மேல சத்தியமா இல்ல ஐயா. சுற்றவாளி. நான் சுற்றவாளி!"

சட்டத்தரணி எழும்பி நின்று கையால் சைகை காட்டுகிறார். சித்தீக் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வராந்தாவிலிருந்து அவன் மனைவி, "குத்தம் எண்டு சொல்லிட்டு வாங்களே!" என்று கெஞ்சினது உள்ளே கேட்டது. நீதவான் சுற்றவாளி என்று பதிந்துவிட்டு விசாரணைக்கு எடுத்தார்.

இடைவேளையில் கன்டீனில் பணிசை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். கொஞ்சம் மெதுவான சொல்லாகப் போட்டிருந்தால், 'விட்டுவிட்டுப் போனீர்' என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த மனுஷன் இந்நேரம் போட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். இப்போது மறியலுக்குப் போனால்? லூயிஸ் முதலியாரிடம் கேட்டேவிட்டேன். நான் செய்தது பிழையா என்று.

"சொல்லு சரியோ?"

"சரி."

"அப்ப பேசாம இரும். அவனுக்குத் தண்டம் ஒரு பக்கம், அந்தச் சொல்லு ஒரு பக்கம். அவன் தெரிஞ்சு எடுத்திரிக்கிறான். அத நீர் அவனுக்காகத் தெரிஞ்சு எடுக்க ஏலுமா?" என்று சொல்லிவிட்டு, என் பணிசையும் எடுத்துச் சாப்பிட்டார்.

முதலில் ரூத் நோனா சாட்சி சொன்னார். நீதவானுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பதிவு சிங்களத்தில் போகவேண்டும், எதிரிக்குத் தமிழிலும் கேட்கவேண்டும். ஆகவே எனக்கு இரட்டை வேலை. நோனா நிதானமாகச் சொன்னார். ஒரு பொய் கூட்டவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "இவரைச் சிறையில் போடவேண்டுமென்று நான் வரவில்லை. பத்து நிமிடம் என்று சொன்னார். எங்களைப் பார்த்தபடியே போனார். என் கணவர் சாகப் பார்த்தார். ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும்." இதைத் தமிழில் நான் 'நான்' என்றே சொன்னேன். சித்தீக் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

பிறகு அவன் முறை. குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டு, ஒரே மூச்சில் சொன்னான்: "போட் திட்டில ஏறிட்டு. ரெண்டு பேரையும் இறக்கினேன். கோல நட்டு, சட்டையக் கழட்டிக் கட்டினேன். அதுக்குப் பிறகுதான் போட்டத் தள்ளினேன். எஞ்சின் எடுக்கல்ல, காத்து இழுத்துட்டுப் போயிட்டு. அவ்வளவுதான் ஐயா."

அவ்வளவுதானாம்! தன் பக்கத்து நியாயம் முழுவதையும் சொல்லி முடித்த திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது. நான் ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன். நீதவான் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் கூண்டிலிருந்து இறங்கப் பார்த்தான். சட்டத்தரணிக்கும் இதில் பிடிக்க ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடியை நட்டானாம், சட்டையைக் கட்டினானாம், போனானாம். குடித்தவன் கதை மாதிரித்தான் இருந்தது.

ஆனால் எனக்கு அந்தக் கோலைத் தெரியும். என் மச்சான் களப்பில் தொழில் செய்கிறவர். ஒருமுறை நான் அவரோடு போட்டில் இருந்தபோது, பாதி வலை தண்ணீருக்குள் கிடக்க, தூரத்தில் எதையோ கண்டு வலையை அப்படியே கைவிட்டுப் போட்டைத் திருப்பினார். வழியெல்லாம் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே போனார், ஆனாலும் போனார். அது அங்கே சட்டம் மாதிரி.

நான் சொல்லலாமா? சொல்லக்கூடாது. என் வாய் சாட்சியின் வாய். என் மச்சானின் வாய் அல்ல. அப்போதுதான் அந்த மூன்றாவது ஒழுங்கு நினைவுக்கு வந்தது. முன்னால் ஓரடி வைத்தேன்.

"ஸ்வாமீனி, சாட்சி சொன்னதை முழுவதும் சொல்லிவிட்டேன். ஆனால் அதிலுள்ள விஷயம் மன்றுக்கு வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். மன்று விரும்பினால் அவரிடம் கேட்கலாம்."

நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "முதலியாருக்கு அது தெரியுமா?"

"தெரியும், ஸ்வாமீனி. ஆனால் நான் சாட்சியில்லை."

லூயிஸ் முதலியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நீதவான் சித்தீக்கின் பக்கம் திரும்பினார். "ஏன் தடியை நட்டீர்?"

நான் தமிழில் கேட்டேன். சித்தீக் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஏன் எண்டா? கோல் நட்டாத்தானே ஆள் வரும்! தடியா அது? மரக்கோல், எஞ்சின் இல்லாட்டி அடியில ஊண்டிப் போட்டத் தாங்கிப் போற கோல். ஆக்களத் திட்டில இறக்கினா, மொதல்ல கோல நட்டுச் சீலையோ சட்டையோ கட்டணும். அதுக்குப் பிறகுதான் போட்டத் தொடலாம். போட் மிதந்தா காத்து எங்க கொண்டுபோகும் எண்டு ஆருக்குத் தெரியும்? கோலக் கண்டா எந்தப் போட்டும் வந்து ஏத்திட்டுப் போகும். வலை போட்டிருந்தாலும் வரணும், கோவக்காரன் எண்டாலும் வரணும். வராம எங்கட களப்பில ஆரும் போகமாட்டாங்க ஐயா."

"அன்றைக்கு ஏன் ஒருவரும் வரவில்லை?"

"அதான் எனக்கும் விளங்கல்ல. அண்டைக்கு ரெண்டு போட் அந்தப் பக்கம் போயிரிக்கி. அவங்களக் கேட்டேன். திட்டில கோல் இல்ல, வெள்ளக்காரங்க சும்மா நிண்டாங்க எண்டாங்க."

நான் இதைச் சிங்களத்தில் சொன்னேன். பிறகு நீதவானின் உத்தரவில் நோனாவுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நோனாவின் கை வாய்க்குப் போனது. நீதவான் அவரைத் திரும்பவும் கூண்டுக்குக் கூப்பிட்டார்.

"கோல் இருந்தது," என்றார் நோனா. "என் கணவருக்குத் தலையில் முடியில்லை. வெயில் சுட்டது. சட்டை உச்சியில் கட்டியிருந்தது, எனக்கு எட்டவில்லை. அதனால் கோலைப் பிடுங்கிச் சாய்த்து, சட்டையை அவிழ்த்து அவர் தலையில் போட்டேன். அது எங்களுக்காக விட்டுப்போன குடை என்று நினைத்தேன்."

"அந்த இரண்டு போட்டும்?"

"கண்டோம். இரண்டு கையாலும் அசைத்தோம்." நோனா நிறுத்தினார். "அவர்களும் கை அசைத்தார்கள்."

முதலில் பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு மன்று முழுக்கச் சிரித்தது. என்ன செய்வது, அந்தக் காலத்தில் திட்டில் இறங்கிப் படம் எடுக்கிற வெள்ளைக்காரர் எல்லாரும் போகிற போட்டுக்குக் கை அசைப்பார்கள். எங்கள் ஆட்களும் மரியாதைக்கு அசைத்துவிட்டுப் போவார்கள். நீதவான் கடதாசியைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார். நோனா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது.

நீதவான் சித்தீக்கை விடுதலை செய்தார். சும்மா விடவில்லை. "உம்முடைய களப்பின் சட்டம் உமக்குத் தெரியும். லண்டனிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? போட்டில் ஏற்றுமுன் அதைச் சொல்லவேண்டாமா?" என்று நன்றாகக் கொடுத்தார். சித்தீக், "கோலுக்கு வெளக்கம் சொல்லணும் எண்டு எனக்குத் தோணல்ல ஐயா, ஒலகம் முழுக்க அப்பிடித்தான் எண்டு நெனச்சிட்டேன்" என்றான். அது உண்மை. அவன் செய்த பிழை அது ஒன்றுதான்.

வெளியே வேப்பமர நிழலில் நோனாவும் கணவரும் அவனுக்காகக் காத்து நின்றார்கள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். உத்தியோகம் முடிந்தாலும் பழக்கம் விடாது; இங்கேயும் இருவருக்கும் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நோனா மன்னிப்புக் கேட்டார். சித்தீக், "இல்ல நோனா, நான் சொல்லியிரிக்கணும்" என்று தடுமாறினான். பிறகு நோனா கேட்டார்: "கோல் போட்டில் இருந்திருந்தால் எஞ்சின் இல்லாமலும் ஊன்றித் தாங்கித் திரும்பி வந்திருப்பீர்கள் அல்லவா?"

"ஓம். வந்திரிப்பேன்."

"அப்படியானால் ஏன் அதை எங்களிடம் விட்டீர்கள்?"

"நான் வந்தா சரி. வர ஏலாமப் போனா? கோல் நிண்டா நான் இல்லாட்டியும் ஆரோ வருவாங்க."

நோனாவின் கணவர்தான் அடுத்ததைக் கேட்டார். அந்த மனுஷர் அன்று முழுக்கப் பேசியது அவ்வளவுதான். "நீங்கள் எவ்வளவு நேரம் அப்படியே போனீர்கள்? உங்களைத் தேடி யார் வந்தது?"

சித்தீக் லேசாகச் சிரித்தான்.

"அந்தி மட்டும் காத்து இழுத்திச்சு. சட்டையுமில்ல, தண்ணியுமில்ல. அக்கரைச் சேத்துல நிக்கிற கண்டல் பத்தைக்குள்ள போய்ச் செருகினேன், அதுக்குள்ளால நடந்து வந்தேன். என்னத் தேடி ஆரு வாறது? கோல் அங்கதானே."

நான் சொன்னேன். நோனா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார், ஸ்ட்ராண்டட் ஆனது நாங்களல்ல, இவர்தான் என்று இவருக்குச் சொல்லுங்கள் என்று.

நான் சித்தீக்கின் பக்கம் திரும்பினேன். "அந்தரிச்சது நாங்க இல்ல. நீங்கதான்."

சித்தீக் தலையை ஆட்டினான்.

"நான் அந்தரிச்சாப் பரவாயில்ல எண்டு சொல்லுங்க முதலியார். நான் போட்காரன்."

இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது.